பூமணி அக்கா மூடி வைத்த தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய பெட்டியை நேற்று மூன்று தரம் திறந்து பார்த்தேன். இரண்டு தரம் நீ கண்டுவிட்டாய். மூன்றாம் தரம் நீ வங்கிக்குப் போயிருந்தாய். நீ எடுத்து வெளியே வைத்த தூள் போத்தல் இப்போது உன் மழைச் சட்டைக்குள் சுற்றியபடி பெட்டியின் அடியில் கிடக்கிறது. ஜெருசலேமில் மிளகாய்த்தூள் இல்லையா என்று கேட்பாய். இருக்கும். நான் வறுத்து அரைத்த தூள் அங்கே இருக்காது.

வருகிற வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதே வெள்ளிக்கிழமை இந்தக் கடிதம், ஸ்காபரோத் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கிற நம்முடைய வாரப் பத்திரிகையில் வரும். மகளுக்கு எழுதுகிற கடிதத்தை ஏன் இந்த மனுஷி ஊருக்கெல்லாம் வாசிக்கக் கொடுக்கிறாள் என்று பலர் நினைப்பார்கள். உனக்கும் கூச்சமாக இருக்கும். காரணம் கடைசியில் வரும், பொறு. புறப்படுவதற்கு முன் நீ என்னிடம் ஒரேயொரு விஷயம் கேட்டாய். பூமணிப் பெரியம்மாவின் வீட்டுக்கு ஒருதரம் வாருங்கள் என்றாய். நான் மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு ஐந்து கிழமையாய் இந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் நாம் இருவரும் உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான் கதைத்தோம். அந்த மாட்டேனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பெருமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அது ஒவ்வொரு வரியிலும் மூக்கை நுழைக்கும். நிலத்தடித் தண்ணீரைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைப் பற்றி ஒரு பிள்ளை ஆறு வருஷம் படிக்குமா? கல்யாண வீடுகளில் மகள் டொக்டரா எஞ்ஜினியரா என்று கேட்கிறவர்களுக்கு, எஞ்ஜினியர் மாதிரித்தான் என்று மழுப்பிக்கொண்டு திரிந்தேன். அப்பா இருந்தபோது கிணறு பார்க்கிற படிப்பு என்று சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டு உன் புத்தகங்களுக்கு ஒழுங்காக உறை போட்டு வைப்பார். இப்போது யாராவது கேட்டால் நான் நிமிர்ந்து நின்று சொல்கிறேன். என் மகள், இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள். இரண்டு பக்கத்துக் கிணறுகளையும் அளக்கப் போகிறாள். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள், எவ்வளவுக்கு மேல் எடுத்தால் எல்லோருக்கும் உப்பாகும் என்று சொல்லப் போகிறாள். அவள் எழுதுகிற எண்ணை இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். முதியோர் இல்லத்து லோண்ட்ரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற ஒருத்தியின் மகள் இவள். எழுதும்போதே நெஞ்சு நிறைகிறது, பிள்ளை.

இது உனக்குள் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நீ பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய காலம். வெள்ளை மாளிகைப் புல்வெளியில், ஆயுள் முழுவதும் எதிரிகளாய் இருந்த இஸ்ரேலியத் தலைவரும் பாலஸ்தீனத் தலைவரும் கைகொடுத்தார்கள். ஒருவர் கையை உடனே நீட்டினார். மற்றவர், இஸ்ரேலியர், தயங்கினார். நீ வகுப்புக்குப் போகாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்பா சொன்னார். நான் அந்தத் தயக்கத்தைத்தான் பார்த்தேன், உனக்கும் காட்டினேன். நீ திரும்பிப் பார்க்காமலே, "தயங்கினாலும் குடுத்தவர்தானே அம்மா" என்றாய். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து, நான் உனக்குச் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு கிழமை, இராணுவம் வருகுதென்று யாழ்ப்பாணம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு றோட்டில் இறங்கி நடந்தது. எங்கள் வீட்டில் இருந்த என் தம்பியும் சனத்தோடு சனமாய் மழையில் பாலம் கடந்தான் என்று கொழும்பிலிருந்து போனில் சொன்னார்கள், அப்போது அதற்குமேல் சேதி இல்லை. நான் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். அதே கிழமை சனிக்கிழமைதான், அன்றைக்குத் தயங்கிக் கைகொடுத்த மனிதரை அவருடைய சொந்தச் சனத்தில் ஒரு இளைஞனே சுட்டுக் கொன்றான். நீ தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், எங்கட சனம் றோட்டில நிக்குது, நீ ஆருக்கோ இருந்து அழுகிறாய் என்று கத்தினேன். "ரெண்டுக்கும்தான் அழுறன்" என்றாய். நான் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன். அன்றைக்கு நான் நிறுத்தியிருக்கக் கூடாது.

இனி, இந்த வருஷம் வைகாசியில் உன்னை வேலைக்கு எடுத்த இரண்டு பேரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளுக்கு வருகிறேன். டானியல் இஸ்ரேலியன், கையால் இடியப்பம் சாப்பிடத் தெரியாமல் சட்டை முழுக்கச் சொதி வடித்தவன். சமீரா பாலஸ்தீனப் பெண், மூன்றாம் தரம் கத்தரிக்காய்க் கறி கேட்டு வாங்கி என் மனதில் இடம் பிடித்தவள். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மூவரும் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தீர்கள். நீலப் புள்ளியெல்லாம் கிணறு என்றாய். பிறகு அவர்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது, நீ இடையிடையே எனக்குத் தமிழில் சொன்னாய். தன்னுடைய ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், கூரையில் தொட்டி வைத்துச் சேமிக்கிறோம், எதிர்க் குன்றில் புதிதாய் வந்த குடியிருப்பில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றாள் சமீரா. முதலில் இரண்டு வண்டி வீடு வந்தது, பிறகு றோட்டு வந்தது, இப்போது அங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், இனி யார் எழுப்புவது என்று கேட்டாள். டானியல் அதை மறுக்கவில்லை. ஆனால் தன் தங்கை இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் கதவோடுதான் நிற்பாள் என்றான். அவள் தவறவிட்ட ஒரு பஸ் அடுத்த சந்தியில் வெடித்ததாம். நாங்கள் பாதியைக் கொடுத்தால் அதோடு நிற்பார்களா என்று அவள் கேட்கிறாள், நான் என்ன பதில் சொல்வது என்றான். நீ யார் எனக்குப் பாதியைக் கொடுக்க என்றாள் சமீரா. சத்தம் கூடியது. நீ நடுவில் இருந்து, கிணற்றின் எண்ணைச் சொல்லு, கிணற்றின் எண்ணைச் சொல்லு என்று இரண்டு பேரையும் வரைபடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாய்.

அந்த இறுக்கத்தைக் குறைக்கலாம் என்றுதான் நான் வாயைத் திறந்தேன். நம்முடைய ஆட்களுக்குக் காணிக் கதை என்றால் கற்கண்டு. வேலி வழக்கில் வென்ற கதையைச் சொல்லாத யாழ்ப்பாணத்தார் உண்டா? நானும் உள்ளே போய், இத்தனை நாடு கடந்தும் பொலித்தீன் பையில் வைத்திருக்கிற என் சீதனக் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்து, வரைபடத்துக்கு மேலேயே விரித்தேன். என் அம்மாவும் பூமணி அக்காவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், ஒரே வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்கும் சீதனம் கொடுத்தார்கள், நடுவில் ஒரு பங்குக் கிணறு, வேலி கிணற்றுக்கு நடுவாலே போகும், இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் அள்ளுவோம் என்று சொன்னேன். நீ ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்கள் இரண்டு பேரும் ஆர்வமாய்க் கேட்டார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது வேலிக்கு நட்ட கதியால் தடிகளில் பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவோம், நடும்போது ஒரு சாண் தள்ளி நடுவோம், நானும் உன் அப்பாவும் ஆறு வருஷத்தில் வேலியைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம், வழக்கு வந்து கோட்டில் கேட்டபோது பத்து வருஷத்துக்கு மேலாய் வேலி இங்கேதான் என்று சத்தியம் பண்ணினேன், வழக்கும் வென்றது என்று சொல்லிச் சிரித்தேன்.

நீ மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் இருவரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று டானியல் கேட்டான். நீ உறுதியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு சொல் விடாமல் முழுவதையும் சொன்னாய் என்பது, சமீரா என் பக்கம் திரும்பின விதத்திலேயே விளங்கியது. அவள் கோபிக்கவில்லை. மற்றப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். வெக்ஸ்போர்ட்டில், இங்கேயிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

இவ்வளவு காலமும் நான் உனக்குச் சொல்லாத மிச்சத்தை இப்போது சொல்கிறேன். பத்து வருஷம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டால் காணி அவருக்கு என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால்தான் அந்தப் பத்து. நாங்கள் நட்ட கதியால் கிளுவை, சீக்கிரம் வேர்விடும். நீதிபதி வந்து பார்த்தபோது அது மரமாய் நின்றது, யாரும் நம்பிவிடுவார்கள். எனக்கு ஆதரவாய்ச் சாட்சி சொன்னதும் உன் அப்பாதான். வேலிக்கு ஓணான் சாட்சி. தீர்ப்புக்குப் பிறகு கோட்டு வாசலில் பூமணி அக்கா என்னைப் பொய்க்காரி என்றார். உங்கள் வீட்டில் இனிப் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டேன் என்று நான் ஊர் கேட்கச் சபதம் போட்டேன். பொய் சொன்னவளும் நான், சபதம் போட்டவளும் நான். அக்கா முப்பது அடி தள்ளித் தனக்கு ஒரு கிணறு வெட்டினார். அவர் பம்ப் வாங்கினார், நாங்கள் பெரிய பம்ப் வாங்கினோம். நான்கைந்து வருஷத்தில் ஒருநாள் காலை என் தேத்தண்ணீரில் பால் திரைந்தது. அடுத்த மாசம் அவர் வீட்டிலும் திரைந்ததாம். நீ சின்னப் பிள்ளை, கோயில் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வரும்போது, ஏன் எங்கட கிணறு உப்பாய்ப் போச்சு என்று கேட்டாய். பூமணியின் கண்ணூறு என்றேன். நீ அதை நம்பவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித்தான் நீ ஆறு வருஷம் படித்தாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. மேலே எத்தனை வேலி போட்டாலும் கீழே தண்ணீர் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் போட்டிக்கு இறைத்தால் கடல் உள்ளே வரும் என்று நீ காசாவைப் பற்றிச் சொன்னபோது, நான் எங்கள் வளவைத்தான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகுதான் நீ அதைக் கேட்டாய். நான் அங்கே போய் ஆக்களுக்குத் தண்ணியைப் பங்கிடுங்கோ எண்டு சொல்லப்போறன், அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா பெரியம்மாவிட்டை வாங்கோ என்றாய். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அங்கே சனம் சாகுது, இங்கே கிழவியள் ரெண்டு பேற்ற கிணத்துக் கதை உனக்குப் பெரிசா என்று கேட்டேன். கிணறும் இல்லை, வீடும் இல்லை, ஆமி பிடிச்சு நிக்கிற இடத்துக்கு என்ன மன்னிப்பு என்று கேட்டேன். அப்பா செத்தவர், செத்த மனிசனைப் பொய்க்காரன் ஆக்கச் சொல்லுறியா என்றும் கேட்டேன். அது உன்னை அடக்குவதற்காகச் சொன்னது. அப்பாவின் செத்தவீட்டுக்குப் பூமணி அக்கா வந்து கடைசி வரிசையில் நின்று, கைகூப்பிவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போனதை நான் கண்டேன். கண்டும் காணாத மாதிரி இருந்தேன். நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை, சரியம்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய். சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன்.

இந்த ஐந்து கிழமையும் எனக்கு உன் வேலையைப் பற்றித்தான் யோசனை. நம் ஆட்களோடு இதைப்பற்றிக் கதைத்துப் பயனில்லை, உனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் ஒரு மேசையில், யூதரைப் போல நாங்களும் ஒரு நாடு கட்டுவோம் என்பார்கள். பக்கத்து மேசையில், பாலஸ்தீனரைப் போலத்தான் எங்கள் பாடும் என்பார்கள். இரண்டு மேசைக்கும் வடை ஒன்றுதான். முந்தி நானும் ஒவ்வொரு மேசையிலும் தலையாட்டியவள்தான். அன்றைக்குப் பிறகு என்னால் ஒரு மேசையிலும் இருக்க முடியவில்லை. சமீரா குன்றைக் காட்டியபோது என் கிளுவைக் கதியால் ஞாபகம் வந்தது. வேர்விட்டதைப் பிடுங்க ஒருவருக்கும் மனம் வராது, வேர்விடட்டும் என்றுதான் நடுவதும். டானியலின் தங்கை கதவோடு நிற்பதைக் கேட்டபோது, இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் விமானச் சத்தத்துக்கு நான் உன்னையும் இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே ஓடியது ஞாபகம் வந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவரும் நியாயம் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

தீருமா என்று நீ ஒருதரம் என்னைக் கேட்டாய், நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. எங்கள் கதையை அங்கே போய் உதாரணம் காட்டாதே. எங்கள் கிணற்றுக்காக ஒரு உயிரும் போகவில்லை. அங்கே பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், முகாமில் பிறந்தவர்கள் முகாமிலேயே கிழவராகியிருக்கிறார்கள், அதற்கு முன்னே போனால் இலட்சக் கணக்கில் கொல்லப்பட்ட ஒரு சனத்தின் மிச்சம் வந்து இறங்கிய கரை அது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வென்று கொண்டிருக்கும்போது மனிதனுக்குச் சமாதானம் தேவைப்படாது. எனக்கு அது தேவைப்பட்டதே, மகள் மொழிபெயர்க்க மறுத்த அந்த ஒரு நிமிஷத்தில்தான். அப்படி ஒரு நிமிஷத்தை அங்கே யாருக்காவது உன்னால் கொடுக்க முடியுமென்றால், நீ படித்த படிப்புக்கு அது போதும்.

போன செவ்வாய்க்கிழமை பல்லுக் காட்டப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். என் பல்லுக்கு ஒன்றுமில்லை. இன்னொரு பொய், மன்னித்துக்கொள். கென்னடி பஸ் எடுத்து லோரன்ஸில் மாறி வெக்ஸ்போர்ட்டில் இறங்கினேன். வெறுங்கையோடு போகவில்லை. கிணற்றில் சரிபாதியும், வேலி தள்ளிய துண்டும் பூமணி அக்காவுக்கே உரியது என்று முழுநீளத் தாளில் எழுதி, ஊர் வழக்கப்படி கீழே முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வைத்திருந்தேன். ஒட்டியது இந்த நாட்டுத் தபால் முத்திரை. மகாராணியின் முகத்துக்குக் குறுக்கே என் கையெழுத்து.

அக்கா கதவைத் திறந்தார். முழங்கால் சரியில்லை, ஒரு தடியைப் பிடித்திருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான், வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, கதியாலை நாங்கள்தான் தள்ளி நட்டனாங்கள். கோட்டில நான் சொன்னது பொய்."

"தெரியும்" என்றார். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தார். முத்திரையைக் கண்ட இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உதை வைச்சு நான் என்ன செய்ய? எனக்குக் கிணறு வேண்டாமடி. அண்டைக்கு நான் கோட்டால வெளிய வரேக்க, பின்னால வந்த சனம் என்னைப் பார்த்து, அடுத்தவளின்ர கிணத்துக்கு ஆசைப்பட்டவள் எண்டு சொல்லிச் சிரிச்சது. அந்தச் சனத்தில பாதி இப்ப ஸ்காபரோவில இருக்கு. நீ எல்லாற்ற முன்னாலயும் சொன்னனி. எல்லாற்ற முன்னாலயும் திருப்பிச் சொல்லு."

பத்திரிகையில எழுதுறன் அக்கா என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"நானும் ஒண்டு சொல்லவேணும். பயிருக்குத் தேவையில்லாத நேரத்திலயும் பம்பைப் போட்டு இறைச்சனான். உன்ர கிணறு வத்தட்டும் எண்டு. என்ர கிணறும் சேர்ந்து உப்பாகும் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இறைச்சிருப்பன். அதையும் எழுது."

இதோ, எழுதிவிட்டேன். இதை வாசிக்கிற ஊர்ச்சனமே, அந்தக் கிணற்றில் பாதி எப்போதும் பூமணி அக்காவுடையது. அவர் அடுத்தவளின் கிணற்றுக்கு ஆசைப்பட்டவர் அல்ல. ஆசைப்பட்டவள் நான். கோட்டில் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவளும் நான்தான். இதை வாசித்துவிட்டு யாரும் அவருக்குப் போன் எடுத்து ஆறுதல் சொல்ல வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அடுத்த கல்யாண வீட்டில் கண்டால் எழும்பி இடம் கொடுங்கள்.

மகள், நான் புறப்பட்டபோது அக்கா குசினிக்குப் போய், ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையில் தரவில்லை, மேசையில்தான் வைத்தார். சபதம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. எனக்கு நாக்கு வறண்டுபோய்த்தான் இருந்தது, ஆனால் குடிக்கவில்லை. நான் பாதிதான் செய்திருக்கிறன் அக்கா, எழுதி அது அச்சில வந்தாப் பிறகு வந்து குடிக்கிறன் என்றேன். அவர் ஒரு சின்னத் தட்டை எடுத்துத் தம்ளரை மூடி வைத்தார். கதவு வரைக்கும் வந்தார்.

நீ எனக்குப் பிள்ளையாய்ப் பிறந்தது நான் செய்த புண்ணியம் என்று வழக்கமாய்ச் சொல்வார்கள். நான் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதனால் அப்படிச் சொல்லமாட்டேன். என் கையில் வளர்ந்தும் நீ இப்படி வந்தது முழுக்க உன்னுடைய கெட்டித்தனம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. டானியலோடும் சமீராவோடும் சண்டை வந்தால் இரண்டு பேரையும் கிணற்றின் எண்ணுக்கு இழுத்துக்கொண்டு வா, அது உனக்குக் கைவந்த வேலை. பஸ்ஸில் ஏறினால் நீயும் கதவுக்குப் பக்கத்தில் நில். எல்லோரும் கைவிட்டுவிட்டுப் போகிற நாள் ஒன்று வந்தாலும் வரும், அன்றைக்கும் அளந்து எழுதி வை. பிறகு ஒருநாள் யாராவது ஒருவர் அந்த எண்ணைத் தேடி வருவார். நான் கென்னடி பஸ்ஸில் ஏற இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

சனிக்கிழமை காலை நான் வெக்ஸ்போர்ட்டுக்குப் போகிறேன். அந்த நேரம் நீ அங்கே இறங்கியிருப்பாய். அந்தத் தம்ளர் மேசையில் இருக்குமா, கழுவிக் கவிழ்த்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் எடுக்காதே, நான் இருக்கமாட்டேன். பெரியம்மா வீட்டு இலக்கத்தைத் தூள் போத்தலில் ஒட்டியிருக்கிறேன். அங்கே எடு, தண்ணீர் குடித்தேனா என்று சொல்கிறேன்.

அம்மா